சான்றிதழோடு நின்றுவிடும் உளவியல்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போதுதான் நம் ஊரில் பல பெற்றோர் உளவியலாளரைத் தேடிப் போகிறார்கள். வாயால் கேட்டால் பையன் பதில் சொல்கிறான். எழுதச் சொன்னால் பாதி எழுத்தை விழுங்குகிறான். 'கவனம் போதாது' என்று வருடக்கணக்காக ரேங்க் கார்டில் வந்த குறிப்புக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று ஓர் ஆசிரியை சொல்கிறார். ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி, திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் மாறி, புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கோ ஒரு தனியார் மையத்துக்கோ போகிறார்கள். சோதனை நடக்கிறது, சான்றிதழ் வருகிறது, தேர்வுச் சலுகை கிடைக்கிறது. அந்தப் பையனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்று கேட்டால் மட்டும் யாரிடமும் பதில் இல்லை.

சிக்கலான கற்றல் தேவைகள் உள்ள குழந்தைகளுக்காக உழைக்கும் பள்ளி உளவியலை எடைபோட இந்த இடைவெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தத் தொழில் பிறந்தபோதே அதற்கு இரண்டு வேலைகள் இருந்தன. பாரிஸ் பள்ளிகளில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகளைக் கண்டறிய ஆல்ஃபிரட் பினே 1905-இல் தன் சோதனையை உருவாக்கினார். லண்டன் கல்வி நிர்வாகம் 1913-இல் சிரில் பர்ட்டை உளவியலாளராக அமர்த்தியது. கண்டறிவது ஒரு வேலை, கண்டறிந்த பின் கைகொடுப்பது இன்னொன்று. நாம் முதலாவதை ஓரளவு நன்றாகவே கற்றுக்கொண்டோம்.

நிறைகளைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இடம்பெறவே இல்லை. 2016-இல் வந்த சட்டம் அங்கீகரித்த 21 வகைகளில் அதுவும் ஒன்று. டிஸ்லெக்சியா உள்ள மாணவருக்குச் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல் அவகாசம், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை அரசுத் தேர்வுகள் இயக்ககம் தருகிறது. ஒரு குடும்பத்துக்கு இதன் மதிப்பு மதிப்பெண்ணைவிடப் பெரியது. 'மக்கு' என்ற பேச்சு வீட்டுக்குள் நிற்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் இருக்கிறார்கள்; பள்ளிக்கு வர முடியாத குழந்தைக்கு வீட்டுக்கே சென்று பயிற்சி தருகிறார்கள். வகுப்பாசிரியரே முதல்நிலைக் கண்டறிதல் செய்ய 'நலம் நாடி' செயலி வந்திருக்கிறது.

திருச்சிக்கு வேறொரு வாய்ப்பும் உண்டு. ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியலுக்கென்றே ஒரு துறை இயங்குகிறது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் காஜாமலை வளாகத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கான மையம் உள்ளது. புத்தூரில் பார்வையற்ற மாணவியருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. ஆகவே இந்த ஊரில் படித்த ஆளுக்குப் பஞ்சம் என்று சொல்லிவிட முடியாது. படித்தவர் உட்கார்ந்து வேலை செய்யப் பள்ளிக்குள் ஒரு நாற்காலி இல்லை என்பதுதான் சிக்கல்.

குறைகளில் முதலாவது காலம் பற்றியது. மத்திய அரசின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் எட்டு வயதிலிருந்துதான் வழங்கப்பட்டது. பதினான்கிலும் பதினெட்டிலும் மறுபடி சோதிக்க வேண்டியிருந்தது. அவசரப்பட்டு முத்திரை குத்தக்கூடாது என்ற அளவில் இது சரியே. ஆனால் சான்றிதழுக்குக் காத்திருப்பதையே உதவிக்குக் காத்திருப்பதாக நடைமுறை மாற்றிவிட்டது. குழந்தை தோற்கும்வரை காத்திருக்கும் முறை என்று அமெரிக்காவில் இதே போக்கு விமர்சிக்கப்பட்டது. முதலில் நன்றாகக் கற்பித்துப் பார், அதற்குக் குழந்தை எப்படி எதிர்வினை செய்கிறது என்பதை வைத்து முடிவெடு என்ற வழிக்கு அங்கே 2004-இல் சட்டமே இடம் கொடுத்தது.

நம்மிடம் அதற்கான அடித்தளம் இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கிறார்கள். மற்றவர்கள் நகர்ந்த பிறகும் அரும்பிலேயே தங்கிவிடும் குழந்தையை ஆசிரியருக்குப் பெயர் சொல்லித் தெரியும். இரண்டாம் வகுப்பிலேயே உளவியலாளர் உள்ளே வந்தால், பத்தாம் வகுப்பில் ஓட வேண்டிய அவசியம் பாதியாகக் குறையும்.

இரண்டாவது குறை அளவுகோலில் இருக்கிறது. நம் மையங்களில் புழங்கும் பினே-காமத் சோதனையின் வேர் 1930-களில் உள்ளது. இன்னொன்றான மாலின் நுண்ணறிவுச் சோதனை 1969-இல், அதற்கும் இருபது ஆண்டு முந்தைய அமெரிக்கச் சோதனையிலிருந்து தழுவி எடுக்கப்பட்டது. வாசிப்புக் குறைபாட்டை இந்திய மொழிகளில் அளக்க மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் 2015-இல் வெளியிட்ட கருவி இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றில்தான் முதலில் வந்தது.

தமிழ் வாசிப்புக்கு அதற்கே உரிய இடறல்கள் உண்டு. 'கொ' என்ற ஒரே ஒலிக்கான குறி எழுத்தின் இருபுறமும் நிற்கிறது. கல், அகம், தங்கம் மூன்றிலும் ஒரே 'க', ஒலியோ மூன்று. ல, ள, ழ குழப்பம் பேச்சிலேயே இருப்பதால், குறைபாடு ஏதும் இல்லாத பிள்ளைகளும் தப்பாக எழுதுவார்கள். எது வட்டாரப் பேச்சின் விளைவு, எது கற்றல் குறைபாட்டின் அடையாளம் என்று பிரிக்கத் தமிழ்ப் பிள்ளைகளை வைத்தே தரப்படுத்திய சோதனை வேண்டும். அது கையில் இல்லாத இடத்தில் ஆங்கிலப் பட்டியலை வைத்துச் சோதித்தால், முதல் தலைமுறையாக ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளையின் பழக்கமின்மையே குறைபாடாகப் பதிவாகும் ஆபத்து உண்டு. அறிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகிறது. அம்மாவுக்குப் புரியாத, வகுப்பாசிரியர் படிக்காத தாள் கோப்புக்குள் போய்ச் சேர்கிறது.

மூன்றாவது குறையைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. 2018 வழிகாட்டுதலின்படி நுண்ணறிவு ஈவு 85-க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கே போக முடிந்தது. அறிவுசார் குறைபாடு என்பதற்கோ 70-க்குக் கீழே இருக்க வேண்டும். நடுவில் மாட்டிக்கொள்ளும் 'மெல்லக் கற்போர்' எந்தச் சான்றிதழுக்கும் உரியவர்களாகவில்லை. எல்லாப் பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்கும் இவர்களுக்குத்தான் வகுப்பறை உதவி அதிகம் தேவை. ஓரிரு புள்ளிகள் இடம் மாறினால் உரிமையே மாறிவிடும் ஏற்பாட்டில், எண்ணைப் போடும் உளவியலாளருக்கு இருக்க வேண்டியதைவிட அதிக அதிகாரம் வந்துவிடுகிறது.

நான்காவது குறை பணியிடம். பள்ளிக் கல்வித்துறை 2010-களில் விட்ட நடமாடும் ஆலோசனை மையங்கள் மாநிலம் முழுவதற்கும் பத்துதான். பல மாவட்டங்களைச் சுற்றிவரும் ஒரு வண்டி ஒரு குழந்தையைத் தொடர்ந்து கவனிக்க இயலாது. 500 மாணவருக்கு ஓர் உளவியலாளர் என்பது அமெரிக்கப் பள்ளி உளவியலாளர் சங்கத்தின் பரிந்துரை. அதை நாம் நாளைக்கே எட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் 2021-இல் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் சொன்னதன் தொடர்ச்சியாக, சிறப்பாசிரியர் விகிதத்தை மத்திய அரசே 2022-இல் வரையறுத்துவிட்டது: தொடக்க வகுப்புகளில் பத்து மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு ஒருவர், நடுநிலையில் பதினைந்துக்கு ஒருவர். நடப்பிலோ சிறப்புப் பயிற்றுநர்கள் பல பள்ளிகளைப் பங்கிட்டுக்கொண்டு, தொகுப்பூதியத்தில், பணி நிரந்தரம் கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். உளவியலாளர் எழுதும் பரிந்துரையை வகுப்பறையில் நடத்திக்காட்ட வேண்டியவர்கள் இவர்கள்தான்.

இதற்கெல்லாம் எதிர்வாதம் ஒன்று உண்டு: பெற்றோரே முன்வருவதில்லை என்பது. 'மாற்றுத்திறனாளி கார்டு வாங்கிட்டா நாளைக்குக் கல்யாணப் பேச்சில இடிக்கும்' என்று பெற்றோர் தயங்குவது வெறும் அறியாமையால் வருவதில்லை. உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் ஒரு வீட்டுச் செய்தி அடுத்த வீட்டுக்குப் போகச் சாயங்காலம் வரை ஆகாது. முத்திரை நிச்சயம், உதவி நிச்சயமில்லை என்ற நிலையில் அந்தத் தயக்கம் நியாயமான கணக்கு. விழிப்புணர்வுக் கூட்டங்களால் இதைக் கலைக்க முடியாது. உதவியை நிச்சயமாக்கினால்தான் கணக்கு மாறும்.

இதே ஸ்ரீரங்கத்தில் திவ்யப் பிரபந்தத்தைச் சந்தை முறையில், ஆசான் ஒருமுறை சொல்ல மாணவர் இருமுறை திருப்பிச் சொல்லி, காதாலேயே கற்கும் மரபு இருக்கிறது. அது எல்லோருக்குமானது இல்லை, அதைக் கொண்டாடுவதும் என் நோக்கமில்லை. ஆனால் கேட்டு மனத்தில் நிறுத்தும் ஆற்றலும் கற்றல்தான் என்பதற்கு அது சான்று. குழந்தைக்கு எது வராது என்று பக்கம் பக்கமாகப் பட்டியலிடும் அறிக்கை, எது வரும் என்பதையும் அதே அக்கறையோடு அளந்தால் ஆசிரியருக்குப் பிடிமானம் கிடைக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இது. பள்ளி உளவியல் நமக்குத் தேவையான தொழில். நாம் அதைப் பயன்படுத்தும் விதம்தான் கோணல். ஒன்றியத்துக்கு ஓர் உளவியலாளர் என்று நிரந்தரப் பணியிடம் உருவாக்கி, அவருடைய நேரத்தில் பெரும்பகுதியைச் சோதனை அறையிலிருந்து முதல் மூன்று வகுப்புகளுக்கு மாற்ற வேண்டும். ஒவ்வொரு அறிக்கையோடும், அடுத்த பருவத்துக்குள் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கத் திட்டம் வர வேண்டும். பருவ முடிவில் எழுதியவரே வந்து அது பலித்ததா என்று பார்க்க வேண்டும். எத்தனை சான்றிதழ் வழங்கினோம் என்பதை ஆண்டறிக்கையில் எண்ணுவது எளிது. போன ஆண்டு வாசிக்க முடியாத எத்தனை பிள்ளைகள் இந்த ஆண்டு வாசிக்கிறார்கள் என்ற எண்ணிக்கையை எப்போது கேட்கத் தொடங்குகிறோமோ, அப்போதுதான் சலுகை கொடுத்ததோடு நம் கடமை முடியவில்லை என்பது துறைக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.