உபகாரச் சம்பளம்: ஒரு சொல்லாராய்ச்சி

கல்லூரி மாணவர்க்குப் படிப்பின் பொருட்டு அளிக்கப்பெறும் பணத்திற்குத் தமிழ் வழங்கும் நாடுகளில் மூன்று பெயர்கள் உள்ளன. தமிழகத்தார் உதவித்தொகை என்பர். இலங்கையார் புலமைப்பரிசில் என்பர். பினாங்கு முதலாகிய மலேசிய நகரங்களில் உபகாரச் சம்பளம் என்பது நெடுநாளைய வழக்கு. மூன்றனுள் இப்பெயரே முரண்பட்ட தொடராகத் தோன்றும். உபகாரம் கைம்மாறு கருதாது செய்வது. சம்பளம் வேலைக்கு ஈடாகப் பெறுவது. இரண்டும் ஒரு தொடரில் எங்ஙனம் இயையும்? வினா நியாயமானதே. ஆயினும், சொல்லைத் தள்ளுமுன் அது வழங்கிய இடத்தை நோக்குதல் வேண்டும்.

1885-இல், பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்ற நாடுகளில் இராணி உபகாரச் சம்பளம் ஏற்படுத்தப்பெற்றது. ஆண்டுக்கு ஓரிருவர்க்கே கிட்டிய பேறு அது. ஜார்ஜ் டவுனில் 1816-இல் தோன்றிய பினாங்கு பிரீ ஸ்கூலில் பயின்ற வூ லியன் தே, 1896-இல் அதனை வென்று கேம்பிரிட்ஜில் மருத்துவம் கற்றார். 1910-11-இல் மஞ்சூரியாவில் பரவிய கொள்ளைநோயை அடக்கி உலகப் புகழ் பெற்றார். ஒரு மாணவனுக்கு அளித்த பொருள் ஆயிரமாயிரம் உயிர்க்குக் காப்பாயிற்று. எனினும், ஓரிருவரைத் தேர்ந்தெடுத்து ஏனையோரை விடுத்த முறை அது என்பதும் மறக்கற்பாலதன்று.

விடுதலைக்குப்பின் வழிகள் பெருகின. 1969-இல் பினாங்கிலேயே பல்கலைக்கழகம் எழுந்தது. அதுவே இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். பொதுச் சேவைத் துறை, படித்து முடித்தபின் குறித்த காலம் பணியாற்றும் ஒப்பந்தத்துடன் பொருள் வழங்கியது. இங்குச் சம்பளம் என்னும் சொல் பொருந்துகிறது. உபகாரம் என்பது சற்றே விலகி நிற்கிறது. 1997-இல் தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் அமைந்தது. அது பெருந்திரளான மாணவர்க்குக் கதவைத் திறந்தது. ஆனால் தந்தது கடன். கடனைக் கடன் என்றே சொல்லுதல் நேர்மை. அதனையும் ‘உதவி’ என்னும் பெயரில் அடக்கினால், கையொப்பமிடும் பதினெட்டு வயதினர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் உண்மை மறைந்துவிடும்.

இனி, புலமைப்பரிசில் என்னும் பெயரைப் பார்ப்போர் புறநானூற்றின் 208-ஆம் பாட்டை நினைவுகூர்வர். பெருஞ்சித்திரனார் மலைபல கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடம் வந்தார். அவனோ அவரைக் காணாமலே பரிசில் அனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்தார். தகுதி அறிந்து அளிப்பது தினையளவாயினும் இனிது என்பது அவர் கொள்கை. கொடுப்போன் பெறுவோனை அறிதல் வேண்டும் என்னும் இவ்வுயர்ந்த கருத்து அப்பெயரில் உறைகின்றது. எனினும், இலங்கையில் அதே பெயர் தாங்கிய ஐந்தாம் வகுப்புத் தேர்வு சிறுவரிடையே கடும்போட்டியாகிவிட்டது. நல்ல பெயர் மட்டும் நன்முறையை ஆக்கிவிடாது.

மீண்டும் சம்பளத்திற்கு வருவோம். வடமொழியில் சம்பலம் என்பது வழிநடைக்குரிய உணவு; தமிழர் கட்டுச்சோறு என்பது அதுவே. அவ்வேர்ப்பொருளைக் கொண்டால், உபகாரச் சம்பளம் என்பது ‘பயன் கருதாது தந்த வழியுணவு’ ஆகின்றது. முரண் நீங்குகின்றது. மலாய் மொழியின் பியாசிஸ்வா என்னும் சொல்லும் மாணாக்கனுக்கான செலவு என்றே பொருள்படும். இரண்டு மொழியும் ஓரிடத்தில் வந்து கூடுகின்றன.

வழியுணவு என்பது வெறுங்கற்பனையன்று. விழுப்புரம் பகுதியில் உள்ள எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒரு கல்லூரியைக் குறிக்கின்றது. மாணவர் 340 பேர். ஆசிரியர் 14 பேர். மானியம் 45 வேலி நிலம். இளமாணவர் 270 பேருக்கு நாள்தோறும் தலைக்கு 6 நாழி நெல். முதுமாணவர் 70 பேருக்குக் குருணி இருநாழி. அங்குக் கற்பிக்கப்பட்டவை வேதமும் வடமொழி இலக்கணமும் மீமாஞ்சையும் வேதாந்தமும். எல்லார்க்கும் திறந்த கூடமன்று அது. அக்குறை ஒருபுறம் இருக்க, அளந்த முறை போற்றற்குரியது. ஆண்டிறுதிப் பரிசாக அன்றி அன்றாட உணவாக அளந்தனர். மேற்படிப்புக்கு மிகுதியாக அளந்தனர்.

இவ்வளவுகோலைக் கொண்டே இற்றைநாள் கொடைகளை மதிப்பிடல் வேண்டும். பினாங்கில் இந்து அறப்பணி வாரியம் உயர்கல்வி மாணவர்க்குப் பொருளுதவி செய்துள்ளது. கோயிற்பொருள் கல்விக்குச் செல்லும் பழைய மரபின் தொடர்ச்சி அது. இத்தகைய கொடை எதுவாயினும், கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. வழி முழுவதற்கும் போதுமா? புறப்படுமுன் கைக்கு வருமா? நிபோங் திபாலில் வாழும் ஏழை மாணவிக்குக் கோத்தா கினபாலுவில் இடம் கிடைத்ததெனக் கொள்க. விமானக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் முதல் மாத உணவுச் செலவும் பதிவு நாளுக்கு முன்னரே வேண்டும். அரையாண்டு கழித்து மேடையில் மாலையுடன் வழங்கும் காசோலை, பசித்து நடந்தவனுக்கு ஊர் சேர்ந்தபின் நீட்டிய சோற்றுமூட்டை.

பெருஞ்சித்திரனார் கேட்ட ‘அறிதல்’ இங்கே தமிழாசிரியர்க்கே எளிதாகக் கைகூடும். எந்த வீட்டில் அடுப்பெரிவது அரிது, எந்தப் பிள்ளை விண்ணப்பத்தாள் நிரப்பத் தெரியாமல் ஒதுங்கி நிற்கிறது என்பதை அறிந்தவர் அவர். கொடுப்போர் அவர்தம் சொல்லைக் கேட்பாராயின், உபகாரச் சம்பளம் என்னும் பழம்பெயரை மாற்றவேண்டிய தேவை எழாது. அப்பெயர்க்குரிய பொருளை நிறைவேற்றுதலே எஞ்சிய பணி.