பிரியாத பிணைப்பு, பொருத்தமான இடம்

டயர் ரப்பரை ஒருமுறை வல்கனைஸ் செய்துவிட்டால் பிறகு உருக்கி வார்க்க முடியாது. கந்தகம் போட்ட முடிச்சு அவிழாது. ஆனால் செருப்பு சோல் வார்க்கும் எஸ்.பி.எஸ். ரப்பர் சூட்டில் இளகும். ஆறினால் மறுபடி ரப்பராகிவிடும். ஷெல் நிறுவனம் 1965இல் கிராட்டன் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்தப் பொருளின் சூட்சுமம் அதன் சங்கிலி அமைப்பில் இருக்கிறது. இரு முனைகளிலும் பாலிஸ்டைரீன், நடுவில் பாலிபியூட்டாடைன். இரண்டும் ஒன்றோடொன்று கலக்காதவை. ஆனால் பிரிந்துபோகவும் வேதிப்பிணைப்பு விடாது. அதனால் முனைகள் மட்டும் சில பத்து நானோமீட்டர் அளவுள்ள கெட்டி மணிகளாகத் திரண்டு, ரப்பர் இழைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன.

இது தொகுதிக் கோபாலிமர். ஒரு சங்கிலியின் உடலில் வேறொரு பாலிமரைக் கிளைகளாக வளர்த்தால் அது ஒட்டுக் கோபாலிமர். முன்னது துல்லியத்துக்குப் பேர்போனது, பின்னது மலிவுக்கு. எது உயர்ந்தது என்று கேட்பதால் பயனில்லை. துல்லியம் எங்கே தேவை என்பதே சரியான கேள்வி.

தொகுதி முறைக்கு வழி திறந்தவர் மைக்கேல் ஷ்வார்ட்ஸ். சங்கிலியின் முனை சாகாமல் காத்திருக்கும் ‘உயிருள்ள பாலிமர்’களை 1956இல் அவர் காட்டினார். ஸ்டைரீன் தீர்ந்தபின் வேறொரு மோனோமரை ஊற்றினால் அதே சங்கிலி தொடர்ந்து வளரும். நீளத்தை நாமே தீர்மானிக்கலாம். ஆனால் அந்த முனை மிக மென்மையானது. சிறிது ஈரமோ காற்றோ பட்டால் கரைசலின் சிவப்பு நிறம் மறைந்து வளர்ச்சி நின்றுவிடும். மோனோமர், கரைப்பான், கலன் எல்லாவற்றையும் சுத்திகரிக்கும் செலவு விலையில் ஏறுகிறது. இந்த வினையைத் தாங்கும் மோனோமர்களும் குறைவு.

விளைபொருளிலும் குறை உண்டு. பாலிஸ்டைரீன் மணிகள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும் முன்பே தளரத் தொடங்குவதால், எஸ்.பி.எஸ். சூடான இடங்களில் வலுவிழக்கும். பியூட்டாடைனின் இரட்டைப் பிணைப்புகளை ஓசோனும் வெயிலும் அரிக்கும். ஹைட்ரஜன் ஏற்றினால் இந்த அரிப்பு குறையும், விலை கூடும். சாலைத் தாரில் சில விழுக்காடு எஸ்.பி.எஸ். சேர்த்தால் சக்கரத் தடம் பள்ளமாவது குறைகிறது என்பது உண்மை. அதே கலவையை நெடுநேரம் சூட்டில் வைத்திருந்தால் பாலிமர் சிதையும், பிரியும் என்பதும் உண்மை.

ஒட்டு முறை இவ்வளவு கறார் காட்டாது. ரப்பரை ஸ்டைரீனில் கரைத்து வினைப்படுத்தினால், ஒரு பகுதி ரப்பரில் கிளையாக ஒட்டும். மீதி தனிப் பாலிஸ்டைரீனாகும். எத்தனை கிளை, எங்கே, எவ்வளவு நீளம் என்று யாராலும் கட்டளையிட முடியாது. ஆனாலும் இப்படித்தான் எளிதில் உடையாத ஹிப்ஸ் பிளாஸ்டிக் கிடைக்கிறது. தனிப் பாலிஸ்டைரீன் இங்கே கழிவல்ல, பொருளின் உடலே அதுதான். கிளைகள் ரப்பர் துகளுக்கும் அந்த உடலுக்கும் நடுவே நின்று இணைத்தால் போதும்.

இந்தத் தாராளம் எல்லா இடத்திலும் செல்லாது. அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகம் ஸ்டார்ச்சில் அக்ரிலோநைட்ரைலை ஒட்டி உருவாக்கிய ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’ தன் எடையைப் போல் பல நூறு மடங்கு தூய நீரை உறிஞ்சியது. உப்பு நீரில் அந்தத் திறன் வெகுவாகக் குறையும். வினைபடாத அக்ரிலோநைட்ரைல் நச்சு என்பதால் அதை முழுதும் நீக்கியாக வேண்டும். மண்ணில் ஸ்டார்ச் மட்கும். செயற்கைக் கிளை எளிதில் மட்காது. ஸ்டார்ச் இருக்கிறது என்பதற்காக இதை இயற்கைப் பொருள் என்று விற்பது நேர்மையாகாது. வினைக்குப் பின் ஸ்டார்ச்சின் எடை கூடியதை மட்டும் வைத்து ‘எல்லாம் ஒட்டியது’ என்று சொல்வதும் அப்படியே. ஒட்டாத பாலிமரைக் கரைப்பானால் பிரித்தெடுத்த பிறகே அந்தக் கணக்கு செல்லும்.

அப்படியானால் விலை உயர்ந்த துல்லியத்துக்கு ஏற்ற இடம் எது? 2017இல் கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு விடை தந்தனர். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் உருக்கிக் கலந்தாலும் ஒட்டாதவை. குப்பையில் ஒன்றாகக் கிடந்தும் மறுசுழற்சிக்கு உதவாத இணை. இரண்டின் தொகுதிகளையும் மாற்றி மாற்றிக் கோத்த பாலிமரை வெறும் 1 விழுக்காடு சேர்த்ததும் அந்தக் கலவை உறுதிப்பட்டது.

மொத்தப் பொருளாக ஊற்றும்போது சுமையாகும் செலவு, இரண்டு பிளாஸ்டிக்குகள் சந்திக்கும் எல்லையில் சிறிதளவு வைக்கும்போது தாங்கக்கூடியதாகிறது. தொகுதிக் கோபாலிமர் ஆய்வுக்கான பணமும் உழைப்பும் அந்த எல்லைக்கே முதலில் போக வேண்டும்.