கற்கண்டில் பினகாய்டைக் காண்பது எப்படி?

செவிலிமேட்டு மளிகைக் கடைகளில் எடைபோட்டு விற்கப்படுவதும், காஞ்சிபுரத்துக் கல்யாண மண்டப வாசல்களில் பன்னீர், சந்தனத்தோடு நீட்டப்படுவதுமான டைமண்ட் கற்கண்டு, படிகவியலார் பினகாய்ட் என்று வழங்கும் வடிவத்தைக் கண்ணால் கண்டறிய மலிவான சான்றாகும். ஒரு படிகத்தின் சமச்சீரால் தம்முள் தொடர்புற்ற முகங்கள் அனைத்தையும் சேர்த்து ஒரே வடிவமாகக் கொள்வது அத்துறை மரபு. அவ்வாறு எதிரெதிரே இணையாக அமைந்த இரண்டே முகங்களைக் கொண்ட வடிவம் பினகாய்ட் ஆகும். இரு முகங்களால் மட்டும் ஓர் இடத்தை மூட இயலாதாகையால் இது திறந்த வடிவம் எனப்படும். வேறு வடிவங்களோடு கூடியே இது படிகமாக முடியும். பட்டில் இயற்கைச் சாயம் பற்றுவதற்கு உதவும் படிகாரமோ எட்டு முகங்களும் ஒரே வடிவமாகித் தானே மூடிக்கொள்ளும் எண்முகியாகும். கற்கண்டின் பெயரில் மட்டுமே வைரம் உண்டு. வைரம் கனசதுரத் தொகுதியையும், சர்க்கரை ஓர் அச்சு சாய்ந்து நிற்கும் ஒற்றைச்சரிவுத் தொகுதியையும் சேர்ந்தவை.

விளிம்பு மழுங்காத உதிரிப் படிகம் ஒன்றை, அதன் அகன்ற முகம் அடியில் படியுமாறு, சன்னலோரம் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து மெல்லச் சாய்த்தால், கண்ணாடியும் படிகத்தின் மேல்முகமும் ஒரே கணத்தில் பளிச்சிடும். அடிமுகமும் மேல்முகமும் இணையானவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டியதில்லை. அடுத்து, நெசவில் இழை எண்ணும் உருப்பெருக்குக் கண்ணாடியால் பக்கவாட்டில் நோக்கினால், இரு பினகாய்டுகள் சந்திக்கும் மூலை செங்கோணமாக இராமல் ஏறத்தாழ 103 பாகையாகவோ, அதன் மிகைநிரப்பியான 77 பாகையாகவோ இருப்பதைக் காணலாம். படிகம் தடித்தாலும் மெலிந்தாலும் இக்கோணம் மாறாது. முகங்களிடைக் கோணம் மாறாமை என்னும் இவ்விதியின் தொடக்கம் நிக்கோலஸ் ஸ்டீனோ 1669இல் வெளியிட்ட நூலில் உள்ளது.

உண்மையில் ரசிக்கத்தக்க பகுதி முனைகளே. சர்க்கரை மூலக்கூறு தன் கண்ணாடிப் பிம்பத்தோடு பொருந்தாத அமைப்புடையதாதலால், படிகத்தின் இரு முனைகளும் ஒத்திருப்பதில்லை. ஒரு முனையில், ஸ்பீனாய்ட் எனப்படும், ஆப்புப்போல் கூடும் இரு முகங்கள் மட்டும் இருக்க, மறுமுனையில் அத்தகைய முகங்களோடு வேறு சிறு முகங்களும் அமைவதுண்டு. நூலில் கோத்து வளர்ந்த கட்டிகளில் ஒரு முனை பெரும்பாலும் அடுத்த படிகத்துக்குள் புதைந்துவிடுவதால், இவ்வொப்பீட்டுக்கு அவை உதவுவதில்லை.