நெய்யும் பீலியும்

'தஞ்சோங்' என்பது நிலமுனை. 'பகார்' என்பது வேலி. தஞ்சோங் பகார் என்னும் பெயருக்கு, மீன்பிடிப்போர் கடலில் நட்ட கழிகளே காரணம் என்பர் சிலர். வேறு சிலர் 'செஜாரா மெலாயு' கூறும் கதையோடு அதனை இணைப்பர். வாள்மீன்கள் சிங்கப்பூர்க் கரையைத் தாக்கியபோது சிறுவன் ஒருவன் வாழைமரங்களால் அரண் அமைக்கச் சொன்னானாம். பாய்ந்த மீன்களின் அலகுகள் வாழையில் செருகி நின்றனவாம். குத்துவதற்கு அமைந்த அலகு மீள்வதற்கு அமையவில்லை. படைக்கலத்தை மதிப்பிட இதனினும் நல்ல பாடம் வேண்டுவதில்லை.

இக்கண்கொண்டு புறநானூற்றின் 95ஆம் பாடலை நோக்கலாம். அதியமானின் தூதாகச் சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் காண்கிறார். அங்குள்ளவை பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பெற்று, நெய் பூசப்பெற்றுக் காவலில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்திப் பக்கமும் நுனியும் சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. இதனை வஞ்சப்புகழ்ச்சிக்குச் சான்றாகக் காட்டுவது வகுப்பறை வழக்கம். 'அழகு வீண், பயனே பெரிது' என மாணவர் எழுதிவிடுவர், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

அது பாடலைக் குறைத்துப் படிப்பதாகும். பீலியும் மாலையும் ஒப்பனை; ஐயமில்லை. நெய்யோ இரும்பைத் துருவினின்று காப்பது. காம்பைத் திருத்துதல் பிடிக்கு உறுதி தருவது. இவ்விரண்டையும் பீலியோடு ஒரே வரிசையில் வைத்ததில்தான் புலவரின் நுட்பம் உள்ளது. களம் காணாத கொட்டிலில் பேணுதலும் ஒப்பனையாகிவிடுகிறது. அதியமானின் வேலும் பேணுதலுக்கே பட்டறை வந்தது. ஆனால் உழைத்தபின் வந்தது.

மலாயரின் கிரிஸ் இங்கு நல்ல ஒப்பு. அதன் நெளிவுகள் ஒற்றைப்படையில் அமைவது மரபு. பிடியருகே அலகு அகன்றிருப்பது கைக்குக் காப்பு. எலுமிச்சைச் சாற்றால் துரு நீக்கிப் பாடாணக் கரைசல் பூசுவர். அப்போது அடுக்கிரும்பின் கோலம் தெளிகிறது. இதில் காப்பு எவ்வளவு, கோலம் எவ்வளவு என்று பிரிக்க எந்தக் கொல்லனும் முன்வரமாட்டான்.

ஔவையாரின் பாடல் முடியும் இடம் மேலும் கருதத்தக்கது. நுனி சிதைந்தவை என்று தாமே கூறிய வேல்களை, இறுதியடியில் கூரிய நுனியுடையவை என்கிறார். இடையே, உள்ளபோது உணவளித்து, இல்லாதபோது உடனிருந்து பகிர்ந்துண்ணும் வறியோர் சுற்றத்தின் தலைவனாக அதியமான் காட்டப்படுகிறான். அவன் வீட்டில் சோறும் கொட்டிலில் கிடந்ததில்லை. சிதைந்த நுனிக்கும் கூரிய நுனிக்கும் நடுவே சோறு வந்ததேன் என்று மாணவரைக் கேட்கும் ஆசிரியர் அரியர்.