பூஞ்சை வள்ளல் அல்ல: ஒரு தன்கதை அச்சைப் பற்றி

தன்கதை என்றதும் "நான் ஒரு பேனா", "நான் ஒரு குடை" என்ற வரிசைதான் நமக்கு நினைவுக்கு வரும். அறிவியல் தலைப்பைக் கொடுத்தாலும் பிள்ளைகள் அதே அச்சில்தான் வார்க்கிறார்கள். "நான் ஒரு மண் பூஞ்சை" என்று கொடுத்துப் பாருங்க. முதல் பத்தியில் பிறப்பு, நடுவில் மரத்துக்காகச் செய்த தியாகம், கடைசியில் மனிதன் கொட்டிய உரத்தில் உயிர் பிரியும். நடுவே இரண்டு பழமொழி. மொழிநடைக்குப் புள்ளியும் கிடைத்துவிடும்.

இந்த வகைக் கட்டுரையில் எனக்கு உள்ள குறை ஒன்றுதான்: அதில் பூஞ்சையே இல்லை. "பூஞ்சை" என்ற சொல்லை அழித்துவிட்டு "மண்புழு" என்று போடுங்கள், ஒரு வாக்கியத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. எதற்கும் பொருந்துகிற கட்டுரை எதைப் பற்றியும் எழுதப்படவில்லை என்றுதானே அர்த்தம்?

சிடாம் கிரி சுற்றுவட்டாரத்துப் பிள்ளைக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ரப்பரும் செம்பனையும் கண்முன்னே நிற்கின்றன. இரண்டின் வேருக்குள்ளும் பூஞ்சை குடியிருக்கிறது. ஏன் என்று கேட்டால்தான் கதை ஆரம்பமாகும். நம் நாட்டு மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையது. அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பாஸ்பரசைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கரைகிற கொஞ்சமும் மண்ணில் மிக மெதுவாகத்தான் நகரும். ஆகவே வேர் தன்னைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை உறிஞ்சிவிட்டுப் பட்டினி கிடக்கும். செம்பனைக்கு வேர்த்தூவிகூட கிடையாது. பூஞ்சையின் இழையோ பெரும்பாலும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிப்புக்கும் குறைவு. வேர் நுழைய முடியாத இடுக்கில் புகுந்து, பல சென்டிமீட்டர் தள்ளிப்போய்ப் பாஸ்பரசை எடுத்து வரும். வேரின் உயிரணுவுக்குள் குட்டி மரம்போல் கிளைவிட்டு, அங்கே வைத்துக் கொடுக்கும்.

சும்மா கொடுக்கவில்லை. சர்க்கரையும் கொழுப்பும் வாங்கிக்கொள்கிறது. இந்த வகைப் பூஞ்சையால் கொழுப்பு அமிலத்தைச் சொந்தமாகத் தயாரிக்க முடியாது, செடியிடமிருந்துதான் பெறுகிறது என்று 2017இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. வேர் கிடைக்காவிட்டால் அதற்கு வாழ்வில்லை. இது தியாகமா? கொடுக்கல் வாங்கல், அவ்வளவுதான்.

செடியும் லேசுப்பட்டதல்ல. மண்ணில் பாஸ்பரஸ் தாராளமாகக் கிடைத்தால், தன் வேரில் பூஞ்சைக்குத் தரும் இடத்தைக் குறைத்துக்கொள்ளும். இப்போது அந்தக் கடைசிப் பத்திக்கு வாருங்கள். பாஸ்பேட் உரம் கொட்டிய இடத்தில் பூஞ்சை குறைவதற்கு, உரம் விஷமாகி அதைக் கொன்றதுதான் காரணம் என்று எழுத வேண்டியதில்லை. இனி நீ தேவையில்லை என்று மரமே கைவிடுகிறது. தன்கதைக்கு இதைவிட நல்ல முடிவு வேண்டுமா? பிள்ளைகள் கற்பனை செய்ததைவிட உண்மை சுவையாக இருக்கிறது, நாம்தான் சொல்லிக்கொடுப்பதில்லை.

இந்த உருக்கம் நம் பிள்ளைகளின் தனிச்சொத்து அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஜெர்மானிய வனக்காவலர் பீட்டர் வோல்லெபன் 2015இல் மரங்களின் மறைவான வாழ்க்கை பற்றி எழுதிய நூல் உலகெங்கும் விற்றது. கனடாவின் சூசான் சிமார்ட் 2021இல் தாய்மரம் பற்றி எழுதினார். பூஞ்சை இழை வழியே மரங்கள் உணவு பகிர்கின்றன, பேசிக்கொள்கின்றன என்ற பேச்சு இவற்றால் பரவியது. அதற்கு அடிப்படையாகச் சொல்லப்படுவது 1997இல் நேச்சர் இதழில் வந்த சிமார்ட் குழுவின் ஆய்வு. அந்தக் குழுவில் இருந்த மெலனி ஜோன்ஸே 2023இல் வேறு இருவரோடு சேர்ந்து ஆதாரங்களை மறுபடி அலசி, முதிர்ந்த மரம் தன் பிள்ளை மரத்தைப் பார்த்து ஊட்டுகிறது என்பதற்குக் காட்டில் கிடைத்த சான்று இல்லை என்று எழுதினார். அதனால் "மரங்கள் பேசுகின்றன" என்ற வரி கருத்து விளக்கக் கட்டுரையில் வந்தால் அடிக்கோடிட்டுக் கேளுங்கள். தன்கதையில் வரலாம், அது கற்பனை.

இன்னும் இரண்டு குழப்பங்கள். தோட்டத்தில் மூடுபயிர்க் கொடியின் வேரில் முடிச்சு இருக்குமே, அதைப் பல மாணவர்கள் பூஞ்சைக் கணக்கில் சேர்க்கிறார்கள். அது பாக்டீரியா, தருவது நைட்ரஜன். இன்னொன்று, பூஞ்சை என்றாலே நன்மை என்று எழுதுவது. செம்பனையின் அடித்தண்டை அழுகவைக்கும் கனோடெர்மாவும் பூஞ்சைதான், ரப்பரின் வெள்ளை வேர் நோயும் பூஞ்சையால்தான் வருகிறது. தோட்டத்தில் வேலை செய்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் இதைக் கேட்டாலே சொல்வார்கள்.

கலைச்சொல் பற்றியும் கேட்பீர்கள். தமிழ்நாட்டு வேளாண் துறையினர் "வேர் உட்பூசணம்" என்கிறார்கள். ரப்பருக்கும் செம்பனைக்கும் அது சரி. மெராந்தி போன்ற காட்டு மரங்களில் பூஞ்சை வேர் நுனியை வெளியே உறைபோலப் போர்த்திக்கொள்ளும், அங்கே "உள்" என்பது பொருந்தாது. தவிர, பூசணம் என்றால் கெட்டுப்போன ரொட்டிதான் பிள்ளைகளுக்கு ஞாபகம் வருது. "வேர்ப்பூஞ்சை" என்றே எழுதச் சொல்லுங்கள், இரண்டு வகைக்கும் சேரும்.