ஈனக் பவல்: கற்றவர் கையில் இரண்டு கோல்கள்!

கல்வி பெருகினால் கயமை கருகும் என்று நம்புகிறோம். நம்புவதில் தவறில்லை. ஆனால், கற்றவர் எல்லாரும் கறை நீங்கியவர் என்று கண்ணை மூடிக்கொண்டு முடிவு கட்டிவிடுகிறோமே, அதிலேதான் தவறு! அந்த மயக்கத்தைத் தெளிவிக்கும் வாழ்க்கை ஒன்று உண்டு. இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலே 1950 முதல் 1987 வரை, இடையே சில மாதங்கள் நீங்கலாக, வீற்றிருந்த ஈனக் பவலின் வாழ்க்கை அது.

பழமை விரும்பிகளின் கட்சியாம் கன்சர்வேடிவ் கட்சியைச் சார்ந்தவர் பவல். 'பழமை விரும்பி' என்றதும் பாட்டன் சொத்தில் புரளும் பிரபு என்று எண்ணிவிடாதீர்கள். 1912-இல் பர்மிங்காமில், ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் கிரேக்கத்தைத் தாமே முயன்று கற்று, மகனுக்கும் கற்பித்தார். கேம்பிரிட்ஜில் தேறிய பவல், 25-ஆம் வயதிலே சிட்னிப் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஆனார். 1939-இல் போர் மூண்டதும், பேராசிரியப் பதவியை உதறிவிட்டுச் சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தார், பிரிகேடியராக உயர்ந்தார். இந்தியாவிலே பணியாற்றினார், உருது பயின்றார், வைசிராய் ஆகவேண்டும் என்று கனவும் கண்டார். 1947-இல் அந்தக் கனவு கலைந்தது. இந்தியா கைநழுவுகிறது என்ற செய்தி கேட்ட இரவு, உறக்கமின்றி இலண்டன் வீதிகளில் நடந்துகொண்டே இருந்தாராம்!

1950-இல் வுல்வர்ஹாம்ப்டன் தென்மேற்குத் தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது. அரசின் செலவு வரம்பு மீறுகிறது என்று கூறி, 1958-இல் நிதித்துறைப் பதவியைத் துறந்தார். 1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சர். மனநோயாளரை அடைத்துவைத்த மாபெரும் கட்டடங்களை மூடவேண்டும் என்று முழங்கினார். தூக்குத் தண்டனையையும் எதிர்த்தார். ஆம், மறுக்கவேண்டியதில்லை. அறிவு இருந்தது, ஆற்றல் இருந்தது, பதவியைத் துச்சமென மதிக்கும் துணிவும் இருந்தது.

அந்தத் துணிவு உச்சம் தொட்ட நாள் ஒன்று உண்டு. 1959 மார்ச் திங்களில், கென்யாவின் ஹோலா முகாமிலே, வேலை செய்ய மறுத்த கைதிகளைக் காவலர்கள் தாக்கினர். 11 பேர் மாண்டனர். தண்ணீர் குடித்ததால் நேர்ந்த சாவு என்று முதலிலே அதிகாரிகள் கதை கட்டினர். அதே ஆண்டு ஜூலையில், நள்ளிரவு கடந்த வேளையில், காமன்ஸ் சபையில் பவல் எழுந்தார். ஆட்சியில் இருந்ததோ அவருடைய கட்சி! மாண்டவர் எத்தகையவராயினும் உயிர் உயிரே; ஆப்பிரிக்காவுக்கு ஒரு நீதி, ஆசியாவுக்கு ஒரு நீதி, இங்கிலாந்துக்கு வேறொரு நீதி என்று வைக்க நமக்கு உரிமை இல்லை என்று வாதாடினார். மாற்றுக் கட்சியின் டெனிஸ் ஹீலியே அந்த உரையை வியந்து பாராட்டினார். வியக்கத்தக்கதுதான்!

ஒன்பது ஆண்டுகள் உருண்டன. வீடு வாடகைக்கு விடுவதிலும் வேலை தருவதிலும் நிறம் பார்ப்பது குற்றம் என்று சட்டம் வர இருந்தது. காமன்வெல்த் நாடுகளிலிருந்து வந்து, பஸ் ஓட்டியும் ஆலையில் உழைத்தும் மருத்துவமனையில் நோயாளரைப் பேணியும் வந்த மக்களுக்கு, அது ஓரளவு காப்பு. 1968 ஏப்ரல் 20-ஆம் நாள், பர்மிங்காம் ஓட்டல் ஒன்றிலே பவல் பேசினார். சட்டத்தைச் சாடினார். இன்னும் 15, 20 ஆண்டுகளில் கருப்பர் கையில் சவுக்கு இருக்கும் என்று தம் தொகுதிக்காரர் ஒருவர் சொன்னதாகச் சொன்னார். கருப்பர்களால் அவதியுறும் மூதாட்டி ஒருவரின் கதையைக் கடிதத்திலிருந்து படித்தார். நிருபர்கள் வுல்வர்ஹாம்ப்டன் முழுதும் தேடியும் அம்மூதாட்டியைக் கண்டாரில்லை. முடிவாக, வெர்ஜிலின் காப்பியத்தைத் துணைக்கழைத்து, டைபர் ஆறு குருதி நுரைக்கும் காட்சியைச் சபையினர் கண்முன் நிறுத்தினார்!

மறுநாளே, கட்சித் தலைவர் ஹீத் அவரைப் பொறுப்பிலிருந்து விலக்கினார். ஆனால் துறைமுகத் தொழிலாளர்கள் அவருக்காக ஊர்வலம் சென்றனர். நூற்றுக்கு 74 பேர் அவர் பக்கம் என்றது காலப் கருத்துக்கணிப்பு. பதவி போயிற்று, புகழ் பெருகிற்று.

"பவலிடம் முரண்பாடு இல்லை. ஹோலாவில் தம் நாட்டின் பொறுப்பைப் பேசினார், பர்மிங்காமில் தம் நாட்டின் எதிர்காலத்தைப் பேசினார்" என்பர் அவருடைய அன்பர்கள். சிறிது சிந்திப்போம். அதே ஆண்டு நவம்பரில், ஈஸ்ட்பர்னில் பவலே விடை தந்துவிட்டார்: மேற்கிந்தியரோ ஆசியரோ இங்கிலாந்தில் பிறந்துவிட்டதாலேயே ஆங்கிலேயர் ஆகிவிடமாட்டார் என்றார்! சட்டம் குடிமகன் என்கிறது. பவலோ குருதியைப் பார்க்கிறார். தொலைவிலே, கென்யாவிலே, கருப்பன் அடிபட்டுச் செத்தால் நீதி கேட்க அவருக்கு முடிந்தது. அதே கருப்பன் அடுத்த வீட்டுக்குக் குடிவந்து, 'எனக்கும் சம உரிமை' என்றபோது, கோல் வளைந்துவிட்டது. இரங்குவது எளிது, சமமாக ஏற்பது அரிது. ஹோலாவிலே காட்டியது, ஆளப்படுவோரிடம் ஆள்வோர் காட்டவேண்டிய நேர்மை. பர்மிங்காமிலே தேவைப்பட்டது சமத்துவம். முன்னது அவரிடம் இருந்தது, பின்னது இல்லை.

"அவர் சொன்ன எண்ணிக்கை ஏறக்குறையப் பலித்ததே" என்றும் வாதிடுவர். எண்ணிக்கை வேறு, முடிவு வேறு. 1981-இல் பிரிக்ஸ்டனில் கலவரம் மூண்டது உண்மை. விசாரித்த ஸ்கார்மன் பிரபு கண்டதென்ன? வேலையின்மை, இனத்தின் பெயரால் நேர்ந்த தாழ்வு, போலீசார் மீது அவநம்பிக்கை. எந்தத் தீங்கைத் தடுக்கச் சட்டம் வந்ததோ, அந்தத் தீங்கே தீ மூட்டியது! 2010-இல், பவலின் அதே வுல்வர்ஹாம்ப்டன் தென்மேற்குத் தொகுதி, அதே கன்சர்வேடிவ் கட்சியின் சார்பில், பால் உப்பல் என்ற சீக்கியரைத் தேர்ந்தெடுத்தது. 2022-இல் அக்கட்சியே இந்திய வழி வந்த ரிஷி சுனக்கைப் பிரதமராக்கியது. டைபர் நுரைக்கவில்லை!

1974-இல், ஐரோப்பியப் பொதுச்சந்தையை எதிர்த்துக் கட்சியை விட்டு விலகினார். தொழிற்கட்சிக்கு வாக்களிக்கச் சொன்னார். பின்னர் வட அயர்லாந்தின் தென் டவுன் தொகுதிக்குப் போனார்; 1987-இல் தோற்றார்; 1998-இல் மறைந்தார், பிரிகேடியர் உடையிலேயே அடக்கமானார்.

இளைஞர்களே! கிரேக்கம் அவரைக் கெடுக்கவில்லை, காக்கவும் இல்லை. காப்பியம் படித்தவர், அந்தக் காப்பியத்தையே அச்சத்துக்கு அணிகலனாக்கினார். பாமரன் வாயிலே பழிச்சொல் பிறந்தால் திண்ணையோடு போகும். பண்டிதன் வாயிலே பிறந்தால், அது தத்துவம் என்று பெயர் சூடித் தெருவுக்கு வருகிறது. ஆகவே, பேசுபவர் பெற்ற பட்டத்தைப் பாராதீர். பிறப்பைக் கொண்டு மனிதனை அளக்கிறாரா என்று பாருங்கள். அளப்பாரானால், எத்தனை மொழி கற்றவராயினும், எழுந்து நின்று மறுத்துப் பேசுங்கள்!