செவியில் தங்கிய படங்கள்

தமிழ்ப் படவுலகின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் 1950 முதல் 1959 வரையிலான பத்து ஆண்டுகளைப் பொற்காலம் என்று ஒரே சொல்லால் போற்றிவிட்டு அப்பால் நகர்ந்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. அக்காலத்துப் படங்கள் நமக்கு விட்டுச் சென்ற சொத்து யாது என்று சற்றே நிதானமாக விசாரித்தால், அதில் பெரும்பகுதி செவிக்கு உரியது என்பது புலனாகும். காட்சிகள் பல மங்கிவிட்டன, வசனம் மங்கவில்லை.

இதற்குக் காரணம் நடிகர்கள் வந்த வழியிலேயே இருக்கிறது. சிறு பிராயத்தில் பாய்ஸ் கம்பெனிகள் என்னும் சிறுவர் நாடகக் குழுக்களில் சேர்ந்து, கொட்டகையின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்கும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக எட்டவேண்டும் என்ற கண்டிப்பில் குரலைப் பழக்கிக்கொண்டவர்களே பின்னர் படப்பிடிப்புத் தளத்துக்குள் நுழைந்தார்கள். அதுவரை பாகவதர்களின் சங்கீதத்துக்குப் பணிந்திருந்த படம், 1949இல் அண்ணாவின் ‘வேலைக்காரி’ வந்ததிலிருந்து உரைநடைக்குத் தலைவணங்கத் தொடங்கிற்று. மறு ஆண்டு சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தந்த ‘மந்திரி குமாரி’, சில பாடல்களே எஞ்சி நிற்கும் குண்டலகேசிக் காப்பியத்தின் கதையை மு. கருணாநிதியின் வசனத்தில் பாமர ஜனங்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. நூல்நிலையங்கள் செய்யாத காரியம் அது.

1952 தீபாவளிக்கு வெளிவந்த ‘பராசக்தி’யைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். உலக யுத்தத்தின் போது பர்மாவில் இருந்த அண்ணன்மாரும் தாயகத்தில் இருந்த தங்கையுமாகக் குடும்பம் ஒன்று சிதறுண்டு, அத்தங்கை கைம்பெண்ணாகி, பசியின் கொடுமையால் தன் குழந்தையை ஆற்றில் எறிந்து, இறுதியில் உடன்பிறந்த அண்ணனே நீதிபதியாக வீற்றிருக்கும் மன்றத்தில் குற்றவாளியாக நிற்கும் அக்கதை, ஒரு நாடகத்திலிருந்து எடுக்கப்பட்டதுதான். ஆயினும் கூண்டில் நின்று சமூகத்தையே பிரதிவாதியாக்கிப் பேசிய அந்தப் புதுமுக நடிகரின் குரல், தமிழுக்கு இத்தனை ஏற்ற இறக்கங்கள் உண்டா என்று கேட்டவர்களைப் பிரமிக்க வைத்தது. அப்புதுமுகமான சிவாஜி கணேசனை மாற்றிவிடவேண்டும் என்று ஆரம்பத்தில் எழுந்த அபிப்பிராயத்துக்கு இணங்காமல் உறுதியாக நின்ற தயாரிப்பாளர் பி. ஏ. பெருமாளுக்குத் தமிழ்நாடு கடமைப்பட்டிருக்கிறது. படத்தைத் தடை செய்யவேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது. அது படத்தின் புகழை வளர்த்ததேயன்றிக் குறைக்கவில்லை.

படம் கொட்டகையை விட்டு அகன்ற பின்னும் வசனம் அகலவில்லை. கதை வசனப் புத்தகங்கள் விற்பனையாயின. இசைத்தட்டுகளில் பாட்டுக்குப் பதில் பேச்சு ஒலித்தது. கலியாண வீட்டு ஒலிபெருக்கியில் மங்கல கீதத்துக்கு அடுத்தபடியாக நீதிமன்றக் காட்சி முழங்கிற்று. எழுத்தறியாதவர்களும் பக்கம் பக்கமாக மனப்பாடமாக ஒப்பித்தார்கள். இப்படிச் செவி வழியே ஒரு மொழிநடை நாடெங்கும் பரவிய விந்தையை வேறெங்கும் எளிதில் காணமுடியாது. மேடைப் பேச்சின் நடையும் திரையின் நடையும் ஒன்றாகிவிட்டபடியால், 1967இல் அண்ணாவும், 1969இல் கருணாநிதியும், 1977இல் எம். ஜி. ஆரும் முதலமைச்சர் பதவியை ஏற்றதை அந்தப் பத்தாண்டின் படங்களோடு சேர்த்தே படிக்கவேண்டியிருக்கிறது. அப்படங்களுள் ‘மலைக்கள்ளன்’, ‘மனோகரா’, எம். ஆர். ராதாவின் ‘ரத்தக் கண்ணீர்’ மூன்றும் 1954 என்ற ஒரே ஆண்டில் வந்தவை.

அந்த 1954இல்தான், ‘பராசக்தி’ உருவான அதே ஏவி. எம். நிலையத்திலிருந்து, அதே சிவாஜியைக் கொண்டு, எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ படத்தை எடுத்தார். பாட்டு இல்லை, நடனம் இல்லை. கொலையுண்ட ரேடியோ என்ஜினீயர் ஒருவரைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்ல, கதாநாயகனே தேசத் துரோகி என்று தெரியவருகிறது. நிழலும் வெளிச்சமும் காமிராவின் கோணமும் பேசிய அப்படத்தை ஜனங்கள் அன்று ஏற்கவில்லை. பாட்டை எதிர்பார்த்து வந்தவர்களின் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது; ஆனால் தமிழ்ப் படம் கண்ணின் கலையாக வளர்ந்திருக்கக்கூடிய ஒரு பாதை அன்று பல ஆண்டுகளுக்கு அடைபட்டுப் போனது என்ற வருத்தம் தீரவில்லை.

1959இல் இரண்டு குரல்கள் ஒருங்கே ஒலித்தன. ‘வீரபாண்டிய கட்டபொம்ம’னில் சக்தி கிருஷ்ணசாமியின் வசனம் உச்சத்தைத் தொட்டது, கெய்ரோ விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் என்ற கௌரவமும் கிட்டியது. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் சிறுவர்கள் மீசை வரைந்துகொண்டு பேசிவந்த வீரவசனம் அதிலிருந்து வந்ததே. ஸ்ரீதர் தாமே இயக்கிய முதல் படமான ‘கல்யாண பரி’சிலோ மனிதர்கள் வீட்டுத் திண்ணையில் பேசுவதுபோலப் பேசினார்கள்; தங்கவேலுவின் நகைச்சுவையும் அந்த வீட்டுப் பேச்சில் பிறந்ததே. பின்னாளில் கிராமத்தையும் குடும்பத்தையும் இயல்பாகக் காட்டிய இயக்குநர்கள் அனைவருக்கும் அத்தணிந்த குரலே முன்னோடி என்பது என் முடிபு.

‘பராசக்தி’யின் வசனத்தை இன்றும் நினைவில் வைத்திருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி ‘அந்த நாள்’ படத்தையும் பாருங்கள், உங்கள் வீட்டுப் பிள்ளைகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்.